தகரம் தந்தீர்கள், ஆணி எங்கே?

தோட்டத் தொழிலாளத் தோழர்களே, தாய்மாரே, இளைஞர்களே!

தேர்தல் நெருங்கினால் தோட்டத்துக்குத் தகர லொறி வருகிறது. பிரட்டுக் களத்தில் மேசை போடுகிறார்கள். மாலை போடுகிறார்கள். பெயர் கூப்பிட்டு, குடும்பத்துக்கு ஐந்து தகரம், பத்துத் தகரம் என்று கொடுக்கிறார்கள். போட்டோ எடுக்கிறார்கள். லொறி போய்விடுகிறது. அந்தத் தகரத்தை எந்த மரத்தில் அடிப்பது, எந்த ஆணியால் அடிப்பது, யார் அடிப்பது என்று ஒருவரும் வாய் திறப்பதில்லை. தகரத்தோடு ஒரு கிலோ கூரை ஆணியும் கொடுத்தார்கள், ஒரு கட்டு ரீப்பையும் இறக்கினார்கள், தச்சு பாஸ் ஒருவரையும் கூட்டி வந்தார்கள் என்று நம்மில் எத்தனை பேர் சொல்ல முடியும்?

பிறகு நடப்பது நமக்குத் தெரியும். உளுத்துப்போன பழைய மரத்தில், பழைய ஓட்டையிலேயே, வளைந்த பழைய ஆணியைத் தட்டி நேராக்கி அடிக்கிறோம். ஆணி பிடிக்காத இடத்தில் கல்லை வைக்கிறோம், டயரைப் போடுகிறோம், மண் மூட்டையை ஏற்றுகிறோம். ஆனி, ஆடிக் காற்றில் தகரம் பறந்து தேயிலைக்குள் விழுகிறது. கல் காம்பராவுக்குள் விழுகிறது. மறுநாள் அதிகாரிகள் வந்து "இயற்கை அனர்த்தம்" என்று எழுதிக்கொண்டு போகிறார்கள். அடுத்த தேர்தலுக்கு மறுபடியும் லொறி வருகிறது.

ஆணியும் மரமும் இல்லாத தகரம் கூரை ஆகாது. நம் தலைக்கு மேல் கூரையைப் பூட்டித் தருவது தோட்டத்தை நடத்துகிறவர்களின் கடமை. அந்தக் கடமையைத் துண்டு துண்டாக உடைத்து, ஒரு துண்டை மட்டும் நன்கொடையாகக் காட்டி, நம்மைக் கையேந்த வைக்கிறார்கள். இதைத்தான் நாம் இனிப் பொறுக்கக்கூடாது.

மன்னாரிலிருந்து பார்ப்போம்

மலையில் நடக்கும் அநியாயத்தைப் பேச மன்னாருக்கு ஏன் போக வேண்டும் என்று கேட்கலாம். நம் பாதை அங்கேதான் தொடங்கியது. கோப்பிக் காலத்தில் நம் பாட்டன் பூட்டன்மார் தோணியில் வந்து தலைமன்னார்க் கரையிலும் அரிப்புக் கரையிலும் இறங்கி, காட்டு வழியாக மாத்தளைக்கு நடந்தார்கள். வாந்திபேதியிலும் பசியிலும் வழியிலேயே செத்தவர்களுக்குக் கணக்கே இல்லை. 200 ஆண்டு நிறைவில், 2023 ஜூலை 28இல் தலைமன்னாரில் புறப்பட்டு ஆகஸ்ட் 12இல் மாத்தளைக்கு வந்து சேர்ந்த நடைபயணம் அந்தப் பாதையைத்தான் நாட்டுக்கு நினைவூட்டியது.

வந்த வழியாகவே நம்மைத் திருப்பியும் அனுப்பினார்கள். 1964 ஒக்டோபர் 30இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று ஆட்டு மந்தையைப் போலப் பிரித்தார்கள். அதே ஆண்டு டிசம்பர் 22, 23இல் பெரும் புயல் வந்து தனுஷ்கோடியை அழித்தது. மன்னார்ப் பக்கமும் அடிபட்டது. அதன் பிறகு கப்பல் தலைமன்னாருக்கும் இராமேஸ்வரத்துக்கும் இடையில் ஓடியது. தட்டுமுட்டுச் சாமான்களோடு கோச்சியில் வந்து, தலைமன்னார்ப் பாலத்தடியில் அழுதுகொண்டு கப்பல் ஏறியவர்கள் நம் உறவுகள். 1977, 1983 வன்செயல்களில் உயிர் தப்பி வடக்கே ஓடி, மன்னாரிலும் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் காடு வெட்டிக் குடியேறியவர்களும் நம் உறவுகளே.

இன்னொரு காரணம் காற்று. மன்னார் தீவில் காற்றை மறைக்க மலை இல்லை. வைகாசி தொடங்கிப் புரட்டாசி வரை சோளகக் காற்று கடலிலிருந்து நேரே கரையில் அடிக்கிறது. அந்தக் காற்றை நம்பித்தான் தீவின் தென்கரையில் 30 காற்றாலைகளை நட்டு, 103.5 மெகாவாட் மின்சாரத்துக்கான "தம்பபவனி" நிலையத்தை 2020 டிசம்பரில் திறந்தார்கள். அதே மாதத் தொடக்கத்தில்தான் புரெவிப் புயலும் வடக்கைக் கடந்து மன்னார் வளைகுடாவுக்குள் இறங்கியது. காற்றுக்கு எவ்வளவு பலம் என்று மன்னார்க் கரையில் யாருக்கும் பாடம் நடத்த வேண்டியதில்லை. கடற்கரை வாடியின் பனையோலைக் கூரையைக்கூட அவர்கள் சும்மா வைப்பதில்லை. மரத்தோடு கயிறு போட்டு இறுக்கிக் கட்டுகிறார்கள்.

மன்னாரில் அடிக்கும் அந்தச் சோளகம்தான் அட்டனிலும் மஸ்கெலியாவிலும் பொகவந்தலாவையிலும் ஆனி, ஆடி மாதங்களில் மழையோடு மோதுகிறது. மலை இடுக்கில் நெருக்குப்பட்டு வரும்போது அதன் வேகம் இன்னும் கூடுகிறது. காற்று ஒன்றுதான். அங்கே கூரையைக் கட்டுகிறார்கள். இங்கே நம்மைக் கல் வைக்கச் சொல்கிறார்கள்.

கல் ஏன் போதாது?

பலர் நினைப்பது போலக் காற்று கூரையைக் கீழிருந்து தள்ளுவது மட்டுமில்லை. கூரைக்கு மேலே வேகமாக ஓடும் காற்று தகரத்தை மேல்நோக்கி உறிஞ்சுகிறது. கதவோ ஜன்னலோ திறந்திருந்தால் உள்ளே புகுந்த காற்று கீழிருந்தும் தள்ளுகிறது. இரண்டும் சேரும்போதுதான் தகரம் கிளம்புகிறது. இந்த இழுப்பு கூரையின் நடுவைவிட ஓரங்களிலும் மூலைகளிலும் முகட்டிலும் அதிகம். எப்போதும் கடைசிக் காம்பராவின் தகரம்தான் முதலில் போகிறது என்பதைக் கவனித்திருப்பீர்கள்.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் அடிக்கும் காற்று, ஒரு சதுர மீட்டரில் ஏறக்குறைய 48 கிலோ பாரத்துக்குச் சமமான அழுத்தத்தைக் கொடுக்கும். 8 அடி நீளமும் இரண்டரை அடி அகலமும் உள்ள தகரம் ஏறக்குறைய 1.85 சதுர மீட்டர். அப்படியானால் ஒரு தகரத்தை மேலே இழுப்பது சுமார் 90 கிலோ. ஒருவர் நாளுக்கு 18 கிலோ கொழுந்து எடுக்கிறார் என்று வைத்தால், ஐந்து பேருடைய ஒரு நாள் கொழுந்தின் பாரம் அது. தகரத்தின் சொந்தப் பாரமோ 10 கிலோகூட வராது. ஓரங்களில் இழுப்பு இன்னும் கூடும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் இழுப்பு நான்கு மடங்காகும்.

இந்த 90 கிலோவுக்கு முன்னால் இரண்டு கல் என்ன செய்யும்? தகரம் ஆடத் தொடங்கியதும் கல் உருளும். உருண்ட கல் எங்கே விழும்? தொட்டிலில் பிள்ளை தூங்குகிறது, அடுப்படியில் கிழவி உட்கார்ந்திருக்கிறாள். கூரையைக் காப்பாற்ற வைத்த கல் உயிருக்கு உலையாகிறது.

ஆணி எப்படிப் பிடிக்கிறது?

கூரை ஆணியின் தலை அகலமானது. அதன் கீழே வாஷர் இருக்க வேண்டும். அகலத் தலை தகரம் கிழிந்து வெளியே வராமல் அமுக்குகிறது. ரப்பர் வாஷர் ஓட்டைக்குள் தண்ணீர் போகாமல் அடைக்கிறது. ஆணியின் தண்டு மரத்துக்குள் இறங்கி, மரத்தின் நாரை விலக்கிக்கொண்டு நிற்கிறது. விலக்கப்பட்ட நார் திரும்ப நெருக்கும் அந்தப் பிடியில்தான் ஆணி நிற்கிறது. ஆகவே மரம் உளுத்திருந்தால் எவ்வளவு நல்ல ஆணியும் பயனில்லை. பழைய ஓட்டையில் அடித்த ஆணிக்கும் பிடி இல்லை. வழுவழுப்பான ஆணியைவிட முறுக்குத் தண்டு ஆணியும் வளையம் வெட்டிய ஆணியும் எளிதில் கழன்று வராது.

வேலை தெரிந்த தச்சர் ஆணியைத் தகரத்தின் பள்ளத்தில் அடிக்க மாட்டார், மேட்டில்தான் அடிப்பார். பள்ளத்தில் தண்ணீர் ஓடும், ஓட்டை வழியே உள்ளே இறங்கி மரத்தை அழுக வைக்கும். இறவாரத்திலும் முகட்டிலும் ஒரு மேடு விட்டு ஒரு மேடு அடிப்பார். நடு ரீப்பைகளில் இரண்டு மேடு விட்டு அடித்தாலும் போதும். பக்கத்துத் தகரத்தை ஒன்றரை அல்லது இரண்டு வளைவு ஏற்றி மூடுவார். அந்த மூட்டின் வாய் காற்று வரும் பக்கம் பார்க்காமல் இருக்கும். மேல் தகரம் கீழ்த் தகரத்தின் மேல் ஆறு அங்குலமாவது ஏறி நிற்கும். வாஷர் நசுங்கிப் பிதுங்கும் அளவுக்கு அடிக்கவும் மாட்டார், ஆட்டம் காணும்படி விடவும் மாட்டார்.

இப்படிச் செய்தால் ஒரு 8 அடித் தகரத்துக்குப் பத்துப் பன்னிரண்டு ஆணியாவது வேண்டும். 12 ஆணி அடித்த தகரத்தில் அந்த 90 கிலோவை ஆளுக்கு ஏழெட்டுக் கிலோவாக ஆணிகள் பங்கு போட்டுக்கொள்கின்றன. நாலு மூலையில் நாலு ஆணி அடித்தால் ஒவ்வொன்றும் 22 கிலோவுக்கு மேல் தாங்க வேண்டும். அதுவும் உளுத்த மரத்தில். காம்பராவுக்குப் பத்துத் தகரம் என்றால் 100 ஆணிக்கு மேல் தேவை. கொடுத்தவர்கள் இந்த நூறை எந்தக் கணக்கில் எழுதினார்கள்?

ஆணியோடும் வேலை முடிவதில்லை. ஆணி தகரத்தை ரீப்பையோடு பிடிக்கிறது. ரீப்பையைக் கைமரத்தோடு பிடிப்பது வேறு ஆணி. கைமரத்தைச் சுவரின் மேலுள்ள வளைமரத்தோடு பிடிக்க இரும்புப் பட்டி வேண்டும். வளைமரத்தைச் சுவரோடு பிடிக்கக் கம்பி வேண்டும். இதில் ஒன்று கழன்றாலும் காற்று அந்த இடத்தில் பிடித்து முழுக் கூரையையும் தூக்கும். லயத்தில் இந்த நாலு பிணைப்பும் நம் தாத்தா காலத்தில் போட்டவை. அடுப்புப் புகையும் ஈரமும் மழையும் அவற்றைத் தின்றுவிட்டன. மன்னாரில் உப்புக் காற்று ஆணியை அரிக்கிறது. அதனால் நாகம் பூசிய ஆணி இல்லாமல் அங்கே கூரை நிற்காது. இங்கே உப்பு இல்லை, ஆனால் ஆண்டில் பாதி நாள் மூடுபனியும் மழையும் இருக்கின்றன. சாதாரண ஆணி இங்கேயும் துருப்பிடித்து இற்றுத்தான் போகும்.

சுத்தியலை யார் கையில் கொடுத்தார்கள்?

போருக்குப் பிறகு இந்திய உதவியில் 50,000 வீடு கட்டும் திட்டம் வந்தது. அதில் 46,000 வீடு வடக்குக்கும் கிழக்குக்கும், 4,000 வீடு மலையகத்துக்கும் என்று பிரிந்தது. மன்னார் உட்பட வடக்கிலும் கிழக்கிலும் மிகப் பெரும்பாலான குடும்பங்களுக்கு 5,50,000 ரூபாய் தவணை தவணையாக அவர்களுடைய வங்கிக் கணக்குக்கே போனது. வீட்டுக்காரரே மேசனைத் தேடினார், தச்சரைத் தேடினார், மரத்தைப் பார்த்து வாங்கினார், ஆணியை எண்ணி வாங்கினார். தச்சர் கூரையில் இருக்கும்போது கீழே நின்று "அந்த மூலைக்கு இன்னும் இரண்டு அடியுங்கள்" என்று சொல்லும் அதிகாரம் அவருக்கு இருந்தது.

மன்னாரில் தேனும் பாலும் ஓடுகிறது என்று நாம் சொல்லவில்லை. காசு போதாமல் கடன்பட்டவர்கள் அங்கே நிறைய. வீடே கிடைக்காதவர்களும் உண்டு. நம்மோடு ஒப்பிட்டால் ஒரு வித்தியாசம் பெரியது. காணி தன் பெயரில் இருந்ததால், கூரையும் தன்னுடையதாக இருந்தது.

லயத்தில் நிலைமை என்ன? மூன்று தலைமுறையாக இருக்கிற காம்பராவில் ஒரு சுவரை நீட்ட, ஒரு கைமரத்தை மாற்ற, துரையிடம் அனுமதி கேட்க வேண்டும். அனுமதியில்லாமல் இஸ்தோப்பை அடைத்தால் கடிதம் வரும். ஆனால் அதே காம்பரா ஒழுகினால் "உங்கள் வீடு, நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்" என்கிறார்கள். திருத்தப் போனால் கம்பனிச் சொத்து. ஒழுகும்போது தொழிலாளியின் வீடு. எந்த நியாயம் இது?

வெள்ளைக்காரன் காலத்துச் சட்டமே இதைவிட நேர்மையாக இருந்தது. 1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் சட்டம், லயங்களையும் சுற்றுப்புறத்தையும் சுகாதாரமான நிலையில் வைத்திருப்பது தோட்ட அத்தியட்சகரின் கடமை என்று எழுதி வைத்தது. மழை நேரே பாயில் விழுகிற லயம் எந்தச் சுகாதாரத்தில் சேரும்? 1992இல் தோட்டங்கள் கம்பனிகளின் கைக்குப் போனபோது தேயிலையை எடுத்தார்கள், பெக்டரியை எடுத்தார்கள். லயத்தின் கூரையை மட்டும் யார் கணக்கிலும் சேர்க்காமல் விட்டார்கள்.

அவர்கள் சொல்லும் சாட்டுகள்

"இது இயற்கை அனர்த்தம், யார் என்ன செய்வது?" என்கிறார்கள். தோழர்களே, பெக்டரியின் கூரையைப் பாருங்கள். அதுவும் தகரம்தான். அதே மலை, அதே காற்று, அதே மழை. அந்தக் கூரையில் எங்காவது கல் வைத்திருக்கிறார்களா? டயர் கிடக்கிறதா? கொக்கி போல்ட்டால் இரும்பில் பூட்டியிருக்கிறார்கள். ஒரு தகரம் அசைந்தாலும் அன்றைக்கே ஆள் ஏறுகிறது, ஏனென்றால் தேயிலைத் தூள் நனைந்துவிடும். நம் பிள்ளையின் பாடப் புத்தகம் நனைந்தால் மட்டும் அது இயற்கையின் குற்றம்!

"லயத்தையெல்லாம் உடைத்து வீடு கட்டப் போகிறோம், பிறகு ஏன் கூரைக்குச் செலவு?" என்கிறார்கள். தனி வீடு நம்முடைய கோரிக்கை, அதிலிருந்து ஒரு அடியும் பின்வாங்க மாட்டோம். ஆனால் 7 பேர்ச் காணியும் வீடும் கிடைத்தவர்கள் எத்தனை பேர், இன்னும் லயத்தில் இருப்பவர்கள் எத்தனை பேர் என்று உங்கள் டிவிஷனிலேயே எண்ணிப் பாருங்கள். வரப்போகும் வீட்டைக் காட்டி, இருக்கும் வீட்டை ஒழுக விடுவது ஏமாற்று.

"தகரம் கொடுத்தால் விற்றுவிடுகிறார்கள்" என்று ஒரு பழி. பத்துத் தகரம் வாங்கியவர் இரண்டை விற்று, மிச்ச எட்டுக்கு ஆணியும் ரீப்பையும் வாங்கினால், அவர் செய்தது திருட்டா? கூரையைப் பாதி கொடுத்தவர்கள் செய்ததுதான் திருட்டு.

நம் பக்கத்திலிருந்தும் ஒரு பேச்சு வருகிறது. "சம்பளப் போராட்டம் இருக்கும்போது ஆணியைப் பற்றி என்ன பேச்சு?" என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். கூரை பறந்த மாதம் சம்பளம் எங்கே போகிறது என்று வீட்டுப் பெண்களைக் கேளுங்கள். நனைந்த அரிசி, நனைந்த மெத்தை, பிள்ளைக்கு நெஞ்சுச் சளி, கூரையைப் பார்க்க நின்ற இரண்டு நாள் பேர். வாங்கிக் கொடுத்த சம்பள உயர்வு அந்த ஓட்டை வழியாகத்தான் ஒழுகுகிறது.

ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆணி காற்றைத் தாங்கும், மண்சரிவைத் தாங்காது. 2025 நவம்பரில் டித்வாப் புயல் மலையகத்தில் என்ன செய்தது என்று பார்த்தோம். சரியக்கூடிய மண்ணில் நிற்கும் லயத்துக்குப் புதுத் தகரமும் கொடுத்து, புது ஆணியும் அடித்து, மக்களை அங்கேயே இருக்கச் சொல்வது கொலைக்குச் சமம். அப்படிப்பட்ட லயங்களுக்கு ஒரே மருந்து, பாதுகாப்பான இடத்தில் காணியும் வீடும்.

நம் கோரிக்கைகள்

1. அரசாங்கமோ, கம்பனியோ, கட்சியோ, யார் தகரம் கொடுத்தாலும் ஆணி, வாஷர், ரீப்பை, கைமரம், இரும்புப் பட்டி, தச்சுக் கூலி எல்லாம் சேர்த்தே கொடுக்க வேண்டும். தனித் தகரத்தைக் கூரை என்று கணக்கில் காட்டக்கூடாது.

2. ஒவ்வோர் ஆண்டும் சித்திரை முடிவதற்குள், சோளகத்துக்கு முன்பாக, தோட்ட நிர்வாகம் தோட்டக் கமிட்டியோடு சேர்ந்து எல்லா லயக் கூரைகளையும் பார்வையிட்டு எழுத்தில் பதிய வேண்டும்.

3. காற்றில் கூரை போன குடும்பம் அதைத் திருத்த நிற்கும் நாட்களுக்கு முழுப் பேர் போட வேண்டும்.

4. ஆபத்தான இடத்தில் உள்ள லயங்களிலிருந்து மக்களை எடுத்து, நிரந்தர வீடு கொடுக்க வேண்டும்.

5. குடியிருக்கும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் காணி உறுதி வேண்டும். நம் வீட்டில் நாம் ஆணி அடிக்க யாரிடமும் அனுமதி கேட்கும் நிலை ஒழிய வேண்டும்.

கேட்டுவிட்டுச் சும்மா இருக்கக்கூடாது. தலைவர்மாரும் மாதர் சங்கத்தாரும் ஒவ்வொரு லயத்துக்கும் ஒரு கொப்பி போடுங்கள். காம்பரா இலக்கம், எத்தனை தகரம், எத்தனை ஆணி, மரம் எப்படி இருக்கிறது, எங்கே கல் வைத்திருக்கிறது, எல்லாவற்றையும் திகதியோடு எழுதுங்கள். ஒரு பிரதியைக் கையெழுத்து வாங்கி நிர்வாகத்திடம் கொடுங்கள், ஒன்றைச் சங்கத்தில் வையுங்கள். காற்றடித்து ஏதாவது நடந்தால் "எங்களுக்குத் தெரியாது" என்று சொல்ல அவர்களுக்கு இடம் இருக்காது. உளுத்த கூரையிலும் அஸ்பெஸ்டஸ் சீட்டிலும் இளைஞர்கள் தனியாக ஏறி உயிரைப் பணயம் வைக்க வேண்டாம். காற்று நேரத்தில் ஏறவே வேண்டாம்.

அடுத்த லொறி வரும்போது மாலையோடு வரிசையில் நிற்க வேண்டாம். கொப்பியோடு நில்லுங்கள். தகரத்தை இறக்குவதற்கு முன் சங்கத்தின் பெயரால் ஒரு கேள்வி கேளுங்கள்: ஆணி எங்கே? மரம் எங்கே? பாஸ் எங்கே?

பதில் இருந்தால் வாங்குவோம். இல்லையென்றால், கிடைக்கும் வரை பிரட்டுக் களத்திலேயே நிற்போம்.

தொழிலாளர் ஒற்றுமை ஓங்குக!